கல்லுப்பள்ளத்தில் நாற்பத்தாறு அடி

— அது மீன் இல்ல பாபி. பெட்டி பொய் சொல்றது.

— பொய்யா? குட்டிக் குட்டியா மீனே வரைஞ்சு காட்டுதே தம்பி. வாலுகூட இருக்கு பாருங்க.

— அதான் பொய்ங்கறேன். பெட்டி கீழ அனுப்பற சத்தத்துல எது தட்டுப்பட்டாலும், இலை, நீர்க்குமிழி, பிளாஸ்டிக் பை, எல்லாத்துக்கும் இதே மீன் படத்தைப் போட்டுடும். வாங்கறவன் சந்தோஷப்படணுமே! உங்க கைகிட்ட ரெண்டாவது பட்டன் இருக்கு பாருங்கோ. அதை அமுக்கிண்டே இருங்கோ... ஆங், போறும். விடுங்கோ.

— அய்ய, மீனெல்லாம் போச்சு. வெறும் கோடும் கிறுக்கலுமால்ல கெடக்கு.

— இதான் நிஜம். இந்தக் கிறுக்கலை நாமதான் படிச்சுக்கணும்.

— படிச்சுச் சொல்லுங்க. அண்ணி மொறை வச்சு பாபி பாபின்னு கூப்பிடுறீகளேன்னுதான உங்களக் கெஞ்சிக் கூட்டியாந்தேன். எங்க வீட்டுக்காரவுக இந்தத் தண்ணிக்கடியில கெடக்காகளா இல்லையான்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும் கௌஷிக் தம்பி.

— மெதுவா, மெதுவா. நீங்க திரும்பினா இந்தக் கயாக் படகு ஆடறது. முன்னாடி பார்த்துண்டே பேசுங்கோ, பின்னால இருக்கற எனக்கு நன்னா கேக்கறது. ஸ்க்ரீன் எனக்குப் பாதிதான் தெரியறது, உங்க தோள் மறைக்கறது. என்ன தெரியறதுன்னு நீங்க சொல்லுங்கோ, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்றேன்.

— மேல மூலையில முப்பத்தி ரெண்டுன்னு இருக்கு.

— ஆழம். முப்பத்திரண்டு அடி. மூணு மாடிக்குக் கொஞ்சம் மேல.

— ஆத்தாடி. கரையில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல, பச்சைப் பட்டு விரிச்சாப்புல இருக்கு.

— எல்லாம் கல்லு வெட்டின பள்ளம் பாபி. தில்லில பாதி வீடு இங்கேந்து போன கல்லுலதான் நிக்கறது. வெட்டிண்டே போய் ஒரு நாள் ஊத்துல இடிச்சுட்டான், தண்ணி வந்துடுத்து, அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். ஏரி மாதிரி மெள்ள மெள்ள ஆழம் ஆகாது. படிக்கட்டு மாதிரி தொபக்குனு இறங்கும். அதனாலதான் வருஷா வருஷம் யாராவது குளிக்க வந்து...

— சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீக?

— ஒண்ணுமில்ல. ஸாரி.

— எங்கிட்ட எதையும் மறைச்சுப் பேச வேணாம் தம்பி. இன்னையோட நாப்பத்தி நாலு நாளு. ஸ்கூட்டர் கரை மேல நின்னுச்சு, செருப்பு ரெண்டும் ஜோடியாக் கெடந்துச்சு, ஆளு மட்டும் இல்ல. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் முங்கு ஆளு வச்சுத் தேடுனாக, ஒண்ணும் இல்லைன்னு கையை விரிச்சுட்டுப் போயிட்டாக. நான் என்ன செய்யட்டும்? ஊருல எங்க மாமியா தெனம் போன் போட்டு, பொட்டு வச்சிருக்கியான்னு கேக்குறாக. வச்சிருக்கேன்னு சொன்னாலும் அழுகுறாக, வைக்கலைன்னாலும் அழுகுறாக.

— ச்ச, பாவம் அவாளும்தான் என்ன பண்ணுவா.

— கொலுவுக்கு எதுத்த வீட்டு ருக்மிணி மாமி எங்க பிளாக்குல எல்லார் வீட்டுக்கும் வந்து குங்குமம் எடுத்துக்கச் சொல்லிக் கூப்பிட்டாக. எங்க வீட்டு வாசலுக்கு வந்தாக, கொஞ்ச நேரம் நின்னாக, மணி அடிக்காமலே திரும்பிப் போயிட்டாக. நான் கதவு ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். அவுகளச் சொல்லிக் குத்தம் இல்ல. கூப்பிடலாமா கூடாதான்னு அவுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த ரெண்டுங்கெட்டான் நெலமையில எம்புட்டு நாளு இருக்க?

— சரி பாபி, சரி. பார்ப்போம். ஒரு சுத்து சுத்திட்டு, வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பிடுவோம். அச்சா?

— ஒரு சுத்து ரெண்டு சுத்துன்னு கணக்கெல்லாம் வேணாம். செவ்வாக்கெழமை புது இன்ஸ்பெக்டரு பெரிய மிஷினோட ஆளக் கூட்டிட்டு வர்றாராம். கீழ கெடக்குறத போட்டோ கணக்கா காட்டுமாம். வெள்ளிக்கெழமை வீட்டுக்கு வந்து, அம்மா நீங்களும் கரையில இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நின்னு மொதத் தடவையா நான் அதப் பாக்கணுமா? எது வந்தாலும் நான் மொதல்ல பாத்துக்கிடணும் தம்பி. மனசத் தயார் பண்ணிக்கிடணும்.

— புரியறது.

— நாம இங்க வந்தது யாருக்காவது தெரியுமா?

— சான்ஸே இல்ல. அம்மாகிட்ட சாணக்யபுரில ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். நான் மீன் பிடிக்கறேன்னு தெரிஞ்சாலே அம்மா என்னை ஆத்து வாசப்படி மிதிக்க விடமாட்டா. இந்தக் கயாக்கை லக்ஷ்மிபாய் நகர்ல எங்காத்துல வைக்க முடியுமா? ஃபரீதாபாத்ல ஒரு பஞ்சாபி நண்பன் ஷெட்ல தூங்கறது.

— நல்லதாப் போச்சு. வயசுப் பையன்கூட புருசனத் தொலைச்சவ படகுல போறான்னா, எங்க கிட்வாய் நகர் வாயி எத்தன நாளைக்குப் பேசும்! ஆமா, அய்யரு வீட்டுப் பையன் மீனப் பிடிச்சு என்னதான் பண்ணுவீக?

— திரும்ப விட்டுடுவேன். ஒரு முத்தம் கொடுத்துட்டு.

— கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு உங்களுக்கு.

— உங்காத்துக்காரர், செழியன் சாரும் இதேதான் சொல்லுவார். எம்பசில ஒருத்தன் மாத்தலாகிப் போறப்ப சோஃபா, ஃப்ரிட்ஜ், நாய்க்கூண்டு எல்லாத்தையும் லான்ல போட்டு வித்தான். அதுல ஓரமா இது. சேர்ந்தாப்ல இந்தப் பெட்டி, ஃபிஷ் ஃபைண்டர். எனக்கு அப்பறம் ஒரு வாரம் தூக்கமே வரலை. மத்லப், அதாவது, தண்ணிக்கடியில என்ன இருக்குன்னு மேல உக்காந்துண்டே பார்க்கலாம்னா, யாருக்குத்தான் ஆசை வராது? துடுப்பு ரெண்டு கொடுத்தான், லைஃப் ஜாக்கெட் மட்டும் ஒண்ணுதான்.

— அதையும் எனக்கு மாட்டி விட்டுட்டீகளே. எனக்கு நல்லா நீச்சல் தெரியும் தம்பி. கெணத்துலயே குதிச்சு வளந்தவ.

— இருக்கட்டும், நீங்க போட்டுக்கோங்கோ. எனக்குத் தெரியாது, ஆனா நான் விழமாட்டேன். மூணு வருஷமா விழுந்ததில்ல.

— நீச்சலே தெரியாமலா தண்ணிக்குள்ள வர்றீக! உங்க அம்மா பாவம்.

— அச்சா, அதை விடுங்கோ. ஸ்க்ரீன்ல என்ன?

— எடது பக்கம் ஒரு மேடு தெரியுது. அங்கிட்டுப் போவமா?

— இல்ல, எல்லாரும் பண்ற தப்பு இது. அது நமக்கு இடது பக்கம் இல்ல. பாருங்கோ, வலது ஓரத்துல ஒரு கோடு புதுசு புதுசா வந்துண்டே இருக்கே, அது மட்டும்தான் இப்ப, இந்த நிமிஷம், நமக்கு நேர் கீழ இருக்கறது. மத்ததெல்லாம் பழசு. நாம தாண்டி வந்தது. இடது பக்கம் போகப் போக ரொம்பப் பழசு.

— அப்ப இதுல முன்னாடி என்ன வரப்போகுதுன்னு தெரியாதா?

— தெரியாது. நடந்ததை மட்டும்தான் காட்டும்.

— அது போதும் தம்பி.

— இன்னொண்ணு. நாம துடுப்பை நிறுத்தினாலும் படம் ஓடிண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து நாம நகர்றதா நினைச்சுக்கக் கூடாது. நிறுத்தறேன், பாருங்கோ. இப்ப?

— ஓடுது. ஆனா தரை மட்டமா, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்புல வருது.

— ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கறது, அதான். பாபி, நீங்க பிரமாதம். செழியன் சாருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

— அவுகளும் வந்திருக்காகளா இதுல?

— ரெண்டு மூணு தடவை. உங்ககிட்ட சொன்னதில்லையா?

— எதச் சொன்னாக என்கிட்ட? பன்னண்டு வருசமா ஆபீஸு, டெபுடேசன், பம்பாய் டூரு... சரி, தரைக்கோட்டுக்குக் கீழ நெழலு மாதிரி இன்னொரு கோடு இருக்கே. அது என்ன?

— கீழ கெட்டிப் பாறை. அனுப்பின சத்தம் பாறைல மோதி மேல வந்து, திரும்பத் தண்ணி மட்டத்துல மோதிக் கீழ போய், ரெண்டாந்தரம் எதிரொலிக்கறது. அதனால தரை ரெண்டாத் தெரியும். சேறா இருந்தா இது வராது. சேறு சத்தத்தை முழுங்கிடும்.

— அப்ப சேத்துக்குள்ள எதுவும் பொதைஞ்சு போச்சுன்னா?

— தெரியாது. ஆனா இங்க சேறு கம்மிதான்.

— சேறு கம்மி. ம். அந்தா, இப்ப கவுத்துப் போட்ட அருவா மாதிரி ஒண்ணு வந்துச்சு. பட்டையா, கருப்பா.

— அது மீன். நிஜ மீன். வர்றப்ப தூரம், நேர் கீழ வந்தா கிட்ட, போறப்ப மறுபடி தூரம். அதான் வளைவா விழறது. நல்ல சைஸ். ரோஹுவா இருக்கும்.

— அருவாளுன்னா பயமால்ல இருக்கு. அந்தப் பெட்டி இந்த மீன இம்புட்டுப் பளிச்சுனு காட்டுது, அதுக்குக் கீழ ஏதோ மங்கலாத் தெரியுதே, அத ஏன் காட்ட மாட்டேங்குது?

— மீன் வயித்துக்குள்ள ஒரு காத்துப்பை இருக்கு பாபி. அந்தக் காத்துலதான் சத்தம் நன்னா மோதும். சதைக்கும் தண்ணிக்கும் பெட்டிக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. காத்து இருந்தா பளிச்சுனு தெரியும். இல்லேன்னா மங்கல்தான்.

— அப்ப மூச்சு போன ஒடம்பு?

— பாபி, ப்ளீஸ்.

— கேக்குறேன். சொல்லுங்க.

— மங்கலாத்தான் தெரியும். மூங்கில் மாதிரி, கோணி மாதிரி, எது வேணும்னாலும் அதுவா இருக்கலாம். சொல்லத் தெரிஞ்சவனாலகூட நிச்சயமாச் சொல்ல முடியாது.

— நிச்சயமாச் சொல்ல முடியாது.

— போறுமே? கிளம்பலாம் பாபி. ஆடு மேய்க்கறவன் மேலேந்து பார்க்கறான். ஹாங் பையா! மச்லி, மச்லி! ...மீன் பிடிக்கறோம்னு நம்பிட்டான் பார்த்தேளா, சிரிச்சுண்டே கையாட்டறான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நாலு பேர் சேர்ந்துடுவா.

— அவன் போறான், ஆட்டுக்குப் பின்னாடியே எறங்கிட்டான். தம்பி, இங்கிட்டு வேணாம். அந்தச் செங்குத்தா நிக்குதே கெழக்குப் பாறை, அதுக்கு அடியில போவோம்.

— அங்கேயா? ஸ்கூட்டர் நின்னது மேற்கால, சரிவுப் பக்கம்னா? முங்கினவாளும் அந்தப் பக்கம்தான தேடினா.

— ஸ்கூட்டர் எங்க நின்னா என்ன? மனுசன் நடக்க மாட்டாகளா? அந்தப் பாறை விளிம்பப் பாருங்க, ஓரத்துல கல்லு சரிஞ்சு புதுசா வெள்ளையாத் தெரியல? காலு வழுக்குச்சுன்னா அங்கதான் வழுக்கும்.

— சரிதான். ஆனா அங்க பாறைக்கு அடியில துடுப்பு போட இடமே இருக்காது. மேலேந்து கல்லு கில்லு விழுந்தா...

— ஏன் தம்பி தயங்குறீக? காலையில இருந்து பாக்குறேன், போயிடலாம் போயிடலாம்னே சொல்றீக. துடுப்பக்கூட அழுத்திப் போட மாட்டேங்குறீக. எனக்குத்தான பயம் இருக்கணும்? உங்களுக்கு என்ன?

— எனக்கு ஒண்ணுமில்லையே. குளிர்தான். நவம்பர் ஆயிடுத்தோல்லியோ.

— அப்ப அழுத்துங்க.

— அழுத்தறேன். ஆழத்தைப் படிச்சுண்டே வாங்கோ.

— நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்தி நாலு. வெயிலே இல்ல இங்க. தண்ணி கருப்பால்ல இருக்கு.

— பாறை நிழல். தண்ணியும் ஜில்லுனு இருக்கும், கையை விட்டுப் பாருங்கோ. இந்த இடத்துல சூரியன் படறதே இல்ல.

— அம்புட்டுக் குளுந்த தண்ணிக்குள்ள போன ஒடம்பு மேல வருமா தம்பி? எல்லாரும் மூணு நாளுல மிதந்துரும்கிறாக.

— ஜில்லுனு இருந்தா நாள் ஆகும். எதுலயாவது சிக்கிண்டா வராமயேகூட இருக்கலாம். போறுமே இந்தப் பேச்சு.

— இப்பத் தரையக் காணோம். கோடு சரிவா, மேல இருந்து கீழ இழுத்தாப்புல வருது. ஒரே கலங்கலா இருக்கு.

— அது தரை இல்ல, பக்கத்துல இருக்கற பாறைச் சுவர். பெட்டி அனுப்பற சத்தம் நேர் கோடாப் போகாது பாபி. டார்ச் வெளிச்சம் மாதிரி கீழ போகப் போக விரியும். நாப்பதடி ஆழத்துல ஒரு ரூம் அகலத்துக்கு விரிஞ்சுடும். அதனால சுவரும் அதுல மாட்டிக்கறது. சுவர் கிட்ட இருக்கறதால அதோட எதிரொலி முதல்ல வந்துடும். சுவருக்கு அடில, மூலைல எது கிடந்தாலும் அந்த எதிரொலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்.

— ஒளிஞ்சுக்குமா? தெரியவே தெரியாதா?

— சுவரை ஒட்டிக் கிடந்தா தெரியாது. என்ன, இவ்வளவு பெரிய பெருமூச்சு?

— ஒண்ணுமில்ல. ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு வலி. கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, சுவர விட்டு ரெண்டு ஆளு தூரத்துக்கு.

— அவ்வளவு கரெக்டாவா?

— சும்மா ஒரு கணக்குத்தான். மேல இருந்து விழுந்தா அம்புட்டுத் தள்ளித்தான விழும். நிறுத்துங்க... நிறுத்துங்க தம்பி. நாப்பத்தாறு. என்னமோ வருது.

— என்னது? தோளைக் கொஞ்சம் சாயுங்கோ.

— தரையில இருந்து மேல எழும்பி நிக்குது. கெளை கெளையா. ஒரு ஆளு ஒசரம் இருக்கும். நடுவுல மட்டும் கொஞ்சம் பட்டையா, மூட்டை மாதிரி மங்கலா.

— ஏக் மினிட். அச்சா... அச்சா, பார்த்தேன். மரம் பாபி. கீக்கர் மரம், நம்மூர் கருவேலம் மாதிரி. தண்ணி வர்றதுக்கு முன்னாடி பள்ளத்துக்குள்ள முளைச்சிருந்தது, இப்ப முழுகி நிக்கறது. இந்தப் பள்ளத்துல நாலஞ்சு இருக்கு. மீனெல்லாம் அதுலதான் குடியிருக்கும்.

— நடுவுல மூட்டை?

— குப்பை சேர்ந்திருக்கும். கோணி, கீணி. மேலேந்து எல்லாத்தையும் தூக்கிப் போடறாளே.

— இந்தா, அதுல இருந்து ஒரு சின்னக் கோடு சாய்வா மேல ஏறி வருது. ஒண்ணு. இன்னொண்ணு.

— நீர்க்குமிழி. கீழ எதாவது அழுகினா காத்து கிளம்பும். இலை தழை.

— இலை தழை.

— ஆமா பாபி.

— இன்னொரு தடவை அது மேல போங்க. இங்கிட்டு இருந்து அங்கிட்டு.

— போனேனே இப்ப.

— குறுக்கால போங்க. வேற பக்கத்துல இருந்து பாத்தா வேற மாதிரித் தெரியுதான்னு பாக்கணும்.

— ...சரி. இப்போ?

— அதே மாதிரிதான். கெளை, நடுவுல மங்கல். மரம்னு சொன்னா மரம்தான்.

— மரமேதான்.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. உங்களுக்கு இத்தன வருசப் பழக்கம். சத்தியமா மரம்னு உங்களால சொல்ல முடியுமா?

— சொல்ல முடியும். நிச்சயமா அது செழியன் சார் இல்ல. நூத்துக்கு நூறு.

— இப்பத்தான நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாதுன்னீக?

— அது... மத்லப்...

— செவ்வாக்கெழமை வர்றவுக என்ன சொல்லுவாக? அவுகளும் மரம்னு தாண்டிப் போயிருவாகளா? இல்ல ஆள எறக்குவாகளா?

— அவாளும் இதைத்தான் சொல்லுவா. நாப்பத்தாறு அடில முள்ளு மரத்துக்குள்ள எவன் இறங்குவான்? ...பாபி? பாபி, என்ன ஆச்சு? முகத்தை மூடிண்டுட்டேளே. தோள் குலுங்கறது. அழாதீங்கோ. ஐயோ, ராமா. அழாதீங்கோ, ப்ளீஸ். என்னால தாங்க முடியலை.

— நான் ஒண்ணும்... விடுங்க தம்பி. தன்னால நின்னுரும்.

— இல்ல, இது போறும். நாப்பத்தி நாலு நாளா நான் தூங்கலை. நீங்க இப்படி ஒவ்வொரு கிறுக்கலையும் அவரான்னு பார்த்துண்டு உக்காந்திருக்கறதை, நான் பின்னாலேந்து... நான் மகாபாவி பாபி. அவர் இங்க இல்ல.

— எங்க இல்ல?

— இந்தத் தண்ணில. இங்க மட்டும் இல்ல, எந்தப் பக்கம் தேடினாலும் கிடைக்க மாட்டார். அவர் விழவே இல்ல. காணாமப் போன வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரை இங்க விட்டுட்டு, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, என் மாருதில ஏறினார். நான்தான் நிஜாமுதீன் ஸ்டேஷன்ல பம்பாய் வண்டில ஏத்தி விட்டேன். திட்டுங்கோ. அடிக்கணும்னா அடிங்கோ.

— ஏன் தம்பி செஞ்சீக?

— பம்பாய் டூர்ல ஒரு பொண்ணோட சிநேகிதம் ஆயிடுத்து அவருக்கு. ரெண்டு வருஷமா. விவாகரத்துன்னு சொன்னா ஊர்ல உங்க அண்ணன் தம்பி வெட்டிடுவான்னார். ஓடிப் போனார்னா உங்களைத்தான் ஊர் பேசும், என்ன கொடுமை பண்ணினாளோன்னு. செத்துட்டார்னா ஒருத்தரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, கருணை அடிப்படைல ஆபீஸ்ல ஒரு வேலையும் கிடைக்கும், என் பெண்டாட்டி சாந்தகுமாரி தலை நிமிர்ந்து இருப்பான்னார். அன்னிக்கு அது எனக்கு நியாயமாப் பட்டுது. உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேன் பாபி, சத்தியமா. உடம்பு கிடைக்காட்டா எதுவுமே நடக்காதுன்னு எங்க ரெண்டு முட்டாளுக்கும் தோணவே இல்ல.

— வண்டியில ஏறுறப்ப அழுதாகளா?

— அழுதார். குழந்தை இளவரசியை நினைச்சு. உங்களைப் பத்தி... பொய் சொல்லக் கூடாது, பேசலை. குழந்தையை விட்டுட்டு எப்படி இருப்பேன், எப்படி இருப்பேன்னு பிளாட்ஃபாரம் பூரா அதையேதான் சொல்லிண்டு வந்தார்.

— ம். பிள்ளைனா உசுருதான் அவுகளுக்கு.

— ஒரு வருஷம் என்னைக் கூப்பிடாதேன்னார், நானும் கூப்பிடலை. ஆனா அந்தப் பொண்ணு நம்பர் என்கிட்ட இருக்கு. இப்பவே கரைக்குப் போவோம். மேல ஏறினா சிக்னல் வரும். நானே போன் போட்டு அவரை உங்ககிட்ட பேச வைக்கறேன். நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டர்கிட்டயும் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை ஜெயில்ல போட்டாலும் பரவாயில்ல. நீங்க பொட்டை அழிக்க வேண்டாம் பாபி. உங்க புருஷன் உசிரோட இருக்கார்.

— போன் வேணாம் தம்பி.

— ஏன் வேண்டாம்? கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனா ஒரு தடவை அவர் குரலைக் கேட்டுட்டேள்னா...

— அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். வந்தாக, ரெண்டே நாளுல திரும்பி தில்லிக்கே போயிட்டாகன்னு சொல்லுவா.

— என்ன சொல்றேள்? அவர் இங்கயா இருக்கார்? தில்லிலயா? உங்களுக்கு எப்படி...

— பிள்ளையத் தூக்கிட்டுப் போக வந்தாக. செத்தவுக கிட்வாய் நகருக்குள்ள காலு வைக்க முடியுமா? தேடுற ஆளெல்லாம் போனதுக்கப்பறம், இந்தப் பாறை மேல இளவரசியக் கூட்டிட்டு வான்னு எனக்குப் போன் போட்டாக. நான் பிள்ளைய ருக்மிணி மாமிகிட்ட விட்டுட்டுத் தனியா வந்தேன்.

— பாபி... துடுப்பை ஏன் தண்ணிலேந்து எடுத்துட்டேள்? பேசறது புரியலை எனக்கு. அவர் இப்ப எங்க இருக்கார்?

— நாம அவுக மேலதான் நிக்குறோம் தம்பி. நீங்க பாத்தாலும் மரமாத்தான் தெரியுதான்னு கேக்கத்தான் உங்களக் கூட்டியாந்தேன்.